படிப்புக்கு ஐந்து நாள், தீவுக்கு இரண்டு நாள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த மடல்களில் பெரும்பாலானவை, இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு உயர்கல்வி பயில வருவோரும், வந்து பயில்வோரும், பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கவலையோடு காத்திருக்கும் பெற்றோரும் எழுதியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் புதுச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, வரும் ஆகஸ்டில் சேன் தெனி நகரிலுள்ள ரீயூனியன் பல்கலைக்கழகத்தில் சேர இருக்கிறேன். அங்கே மாணவனின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? செலவைச் சமாளித்துக்கொண்டு விடுமுறை நாள்களில் ஊரையும் பார்க்க முடியுமா? (மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: முடியும். ஆனால் சனி, ஞாயிறுகளில் உங்களுக்குக் கிடைக்கும் சுதந்திரம், திங்கள் முதல் வெள்ளி வரை நாளை எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடலைப் பார்த்தபடி மேட்டுச்சரிவில் அமைந்த மூஃபியா வளாகத்தில்தான் பெரும்பாலான வகுப்புகள் நடக்கும். இரண்டு வகை வகுப்புகள் உண்டு. பெரிய மண்டபத்தில் பேராசிரியர் விரிவுரையாற்றுவது ஒன்று. அங்கே நீங்கள் வந்தீர்களா, வரவில்லையா என்று பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சிறு குழுவாக அமர்ந்து பயிற்சிக் கணக்குகளையும் கட்டுரைகளையும் செய்வது மற்றொன்று. அங்கே வருகைப் பதிவு உண்டு, அடிக்கடி வராதவர் தேர்வில் அதன் விளைவைச் சந்திக்க நேரும். நம் ஊர்ப் பள்ளிகளின் கண்டிப்பில் வளர்ந்த பிள்ளைகள் முதலாண்டில் சறுக்குவது பெரும்பாலும் அந்தப் பெரிய மண்டபத்தில்தான். கேட்பவர் இல்லாததால் குறிப்பெடுப்பது தளரும். நான்கு வாரக் குறிப்புகள் ஒன்றாகச் சேர்ந்தபின் மலைக்குப் போகவும் மனம் வராது, மேசையில் உட்காரவும் மனம் வராது. அன்றன்றைய விரிவுரையை அன்று மாலையே செம்மையாக எழுதி வைத்துவிடும் மாணவருக்கு வெள்ளிக்கிழமை மாலை உண்மையிலேயே விடுதலையாக இருக்கும்.

போக்குவரத்துக்கு நகரப் பேருந்துகள் உண்டு. 2022 மார்ச் முதல் 'பபாங்' என்னும் கம்பிவடத் தொட்டி வண்டியும் ஓடுகிறது. கீழே ஷோத்ரோன் பகுதியில் புறப்பட்டு, வளாகத்தில் நின்று, மேலே புவா தெ நேஃபிள் வரை செல்கிறது. மேட்டுப் பகுதியில் வாடகை அறை எடுப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

செலவில் உங்களை முதலில் திகைக்க வைப்பது உணவாகத்தான் இருக்கும். பிரான்சு நாட்டுப் புள்ளியியல் நிறுவனமான இன்செ 2022-இல் கணக்கிட்டபடி, இங்கே உணவுப் பொருள்களின் விலை பெருநிலப் பிரான்சைவிட ஏறத்தாழ 37 விழுக்காடு அதிகம். ஆகவே நண்பகல் உணவைப் பல்கலைக்கழக உணவகத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை பெறும் மாணவருக்கு அங்கே ஒரு யூரோவுக்கு முழு உணவு கிடைக்கும். இரவுச் சமையலுக்கான காய்கறிகளைப் பேரங்காடியில் வாங்காமல், புதன், ஞாயிறு காலைகளில் ஷோத்ரோனில் கூடும் திறந்தவெளிச் சந்தையில் வாங்குங்கள். முருங்கைக்கீரை, சுரைக்காய், பூசணிக்கொடியின் தளிர், இஞ்சி, பச்சை மஞ்சள் எல்லாம் அங்கே கிடைக்கும். அரிசியும் பருப்பும் இத்தீவின் அன்றாட உணவு என்பதால், புதுச்சேரிப் பிள்ளைக்கு வயிறு வாட வழியே இல்லை.

விடுதி அறைக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அறைகள் குறைவு, கேட்போர் அதிகம். தனி அறை எடுப்பவர்களில் தகுதியுள்ளோர் வாடகை உதவிக்கு, 'காஃப்' எனப்படும் அரசு உதவித்தொகை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமே ஆனாலும் ஷெங்கன் பகுதியில் சேர்ந்ததன்று; எனவே நீண்டகால விசாவை இத்தீவின் பெயரைக் குறிப்பிட்டே கேட்டுப் பெற வேண்டும். மாணவ விசாவில் வருவோர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அந்த நேரத்தை முதலாண்டிலேயே முழுதாகப் பயன்படுத்த முனைவதை நான் விரும்பவில்லை.

கேள்வி: என் வகுப்புத் தோழிகள் இரண்டு நாள் பயணமாக மஃபாத்துக்கு அழைக்கிறார்கள். நான் இதுவரை மலை ஏறியதே இல்லை. போகலாமா? (முதலாண்டு மாணவி, சேன் தெனி)

பதில்: கட்டாயம் போங்கள். இத்தீவில் படித்துவிட்டு மஃபாத்தைக் காணாமல் திரும்பும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

மஃபாத் என்பது செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ்ந்த ஒரு மாபெரும் குழிவு. இதற்குச் சாலையே கிடையாது. உள்ளே சிறு சிறு மேடுகளில் லா நுவேல், மார்லா, ரோஷ் பிளாத், ஒரேர் போன்ற சிற்றூர்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 800 பேர் வாழ்கிறார்கள். அரிசி மூட்டையும் சமையல் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன. மனிதர்கள் நடந்தே வருகிறார்கள், நடந்தே போகிறார்கள். கரும்புத் தோட்டங்களிலிருந்தும் காப்பித் தோட்டங்களிலிருந்தும் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் இது. அப்படி வாழ்ந்த தலைவர் ஒருவரின் பெயரையே இந்த இடம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1848 டிசம்பர் 20-ஆம் நாள் இத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதை வகுப்பில் படிப்பது வேறு. அந்த மலைச்சுவரின் அடியில் நின்று, இதைத் தாண்டித்தானே அவர்கள் ஓடியிருக்க வேண்டும் என்று அண்ணாந்து பார்ப்பது வேறு.

முதன்முறை போகிறவருக்குப் பொருத்தமான வழி, சலாசிப் பக்கத்திலுள்ள கோல் தே பேஃப் கணவாயில் தொடங்கி லா நுவேல் வரை செல்லும் பாதை. சேன் ஆந்த்ரே வரை மஞ்சள் நிற மாவட்டப் பேருந்தில் போய், அங்கிருந்து சலாசி வழியாக கிராந்த் ஈலே செல்லும் பேருந்தைப் பிடிக்கலாம். ஆனால் கணவாய் இன்னும் மேலே இருப்பதால், தோழிகளில் யாரிடமாவது கார் இருந்தால் நல்லது. கணவாயிலிருந்து இறங்கினால், இத்தீவுக்கே உரிய வேல மர இனக் காட்டின் ஊடாக, இரண்டு மணி நேரத்தில் லா நுவேல் போய்ச் சேரலாம்.

இங்கே புதியவர்கள் யோசிக்கத் தவறும் ஒன்று உண்டு. மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். மஃபாத்தில் முதலில் இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம். சனிக்கிழமை பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமை கால் வலியோடும் தூக்கக் குறைவோடும் அந்தச் சரிவை ஏற வேண்டியிருக்கிறது. அதிலும், காலை உணவை நிதானமாக உண்டு, படம் எடுத்து, பத்து மணிக்குப் புறப்பட்டால், அதற்குள் மேகம் மலையை மூடிவிடும். இத்தீவின் உயர்நிலங்கள் விடிந்து சில மணி நேரமே தெளிவாக இருக்கும். முற்பகலிலேயே கடற்காற்று மேகத்தை மேலே ஏற்றிவிடும், பிற்பகலில் பெரும்பாலும் தூறல் விழும். ஆகவே ஞாயிறு காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கிவிடுங்கள். கணவாய்க்கு நண்பகலுக்குள் வந்துவிட்டால், பேருந்தும் கிடைக்கும், திங்கள் காலை வகுப்புக்குமுன் ஓர் இரவு முழுதாகத் தூங்கவும் முடியும்.

மலையேறாதவர் என்பதால் அஞ்ச வேண்டாம். ஆனால் ஆயத்தமில்லாமல் போக வேண்டாம். தட்டையான அடிப்பாகம் கொண்ட சாதாரணக் காலணி, மழையில் நனைந்த மரப்படிகளில் வழுக்கும். பிடிமானமுள்ள மலை நடைக் காலணியைத் தோழியிடம் கடனாகப் பெற்றாவது அணியுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, நெற்றி விளக்கு, ஒரு கம்பளிச் சட்டை ஆகியவை பையில் இருக்கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம். சேன் தெனியில் வியர்த்துக்கொண்டிருக்கும் அதே நாளில், சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள லா நுவேலில் இரவு நடுங்க வைக்கும். ரொக்கப் பணமும் வேண்டும். வழிகாட்டிப் பலகைகளில் தொலைவுக்குப் பதிலாக நடைநேரமே எழுதப்பட்டிருக்கும். அது பழகிய கால்களுக்கான நேரம், உங்களுக்கு ஒன்றரை மடங்கு என்று கணக்கிடுங்கள். புறப்படும் முன் வனத்துறையின் இணையப் பக்கத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்; மழைக்குப்பின் கல் உருளும் பாதைகளை அவர்கள் மூடிவிடுவார்கள், மூடிய பாதையில் நுழைவது தவறு. எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை விடுதியில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஏனெனில் பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. ஆபத்தென்றால் 112 எண்ணை அழைத்தால் மலை மீட்புப் படையினர் ஹெலிகாப்டரில் வருவார்கள். மேகம் மூடியிருந்தால் அவர்களாலும் இறங்க முடியாது என்பதால்தான் காலையிலேயே நடக்கச் சொல்கிறேன்.

தங்குவதற்கு 'ழீத்' எனப்படும் சிற்றில்லங்களை வாரக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விறகடுப்பில் சமைத்த கோழிக்கறி, பருப்பு, சோறு, காரமான தக்காளித் துவையல் என்று இரவு உணவு வரும். எல்லோரும் ஒரே நீண்ட மேசையில் உட்கார்ந்து உண்பார்கள். மரக்கறி உண்பவரென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கண்ட இடத்தில் தீ மூட்டாதீர்கள். இது 2007-இல் அமைந்த தேசியப் பூங்கா. 2010, 2011 ஆண்டுகளில் மஃபாத்தின் மேற்கு விளிம்பிலுள்ள மைதோ சரிவில் பரவிய காட்டுத்தீ, மீண்டும் வளரப் பல்லாண்டுகள் எடுக்கும் காட்டை அழித்தது.

கேள்வி: ஒரே ஒரு மலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பித்தோன் தே நேழா, எரிமலையா? (பரிமாற்ற மாணவர், சேன் பியேர்)

பதில்: கால் வலுவுள்ளவருக்குப் பித்தோன் தே நேழ். இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே மிக உயர்ந்த சிகரம் அது. ஏறத்தாழ 3,070 மீட்டர். சிலாவோஸ் என்னும் மலையூரிலிருந்து பிற்பகலுக்குள் ஏறி, 2,478 மீட்டரிலுள்ள கவேர்ன் துஃபூர் சிற்றில்லத்தில் உறங்கி, விடியலுக்கு முன் விளக்கோடு நடந்து சூரியோதயத்தை உச்சியில் காண்பது வழக்கம். உறைநிலைக் குளிர் இருக்கும் என்பதால், கையுறை இல்லாமல் போகாதீர்கள்.

பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை 2,632 மீட்டர். உலகில் மிக அடிக்கடி சீறும் எரிமலைகளில் ஒன்று. காரிலேயே பா தெ பெல்கோம்ப் விளிம்பு வரை போய்விடலாம் என்பதால் ஒரு நாளே போதும். வெடிப்பு நெருங்கினால் எரிமலையைச் சூழ்ந்த உள்வட்டத்துக்குள் யாரும் நுழையாதபடி மூடிவிடுவார்கள். அப்போதும் விளிம்பிலிருந்து இரவில் பார்க்க முடிந்தால், தேர்வு நாளாக இல்லாத வரையில், போய்விடுங்கள். அந்தச் சிவப்பை எந்தப் படத்திலும் சரியாகப் பார்த்ததில்லை.

கேள்வி: என் மகள் அங்கே படிக்கிறாள். சுறா கடிக்கும் கடல் என்கிறார்கள், புயல் என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, ஐயா. (ஒரு தாய், காரைக்கால்)

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது, இரண்டுக்கும் இங்கே தெளிவான விதிகள் இருக்கின்றன, உங்கள் மகள் அவற்றைக் கடைப்பிடித்தால் போதும்.

2011 முதல் சுறாத் தாக்குதல்கள் பெருகியதால், 2013 ஜூலையில் மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பித்து, பவளத்திட்டுக்குள் அமைந்த களப்பையும் கண்காணிப்புள்ள பகுதிகளையும் தவிர மற்ற இடங்களில் கடலில் இறங்குவதைத் தடை செய்தார். மேற்குக் கரையில் லெர்மித்தாழ், லா சலீன் பகுதிகளிலுள்ள களப்பு, இடுப்பளவு ஆழத்தில் தெளிந்த நீருடன் இருக்கிறது. அங்கே அவள் தோழிகளுடன் குளிக்கலாம்; திட்டு முறிந்து நீர் வெளியே பாயும் வாய்களின் அருகே மட்டும் போகக் கூடாது.

புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும். மிகக் கடுமையானதற்கு ஊதா. ஆரஞ்சு அறிவித்தவுடன் கல்வி நிலையங்கள் மூடப்படும். அப்போதே குடிநீர், தீப்பெட்டி, டப்பா உணவு ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, கைப்பேசிக்கு மின்னேற்றி வைத்துவிட வேண்டும். சிவப்பு வந்தபின் யாரும் வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. 2024 ஜனவரியில் பெலால் புயலும் 2025 பிப்ரவரி 28-இல் காரான்ஸ் புயலும் தீவை நேராகத் தாக்கின. கட்டடங்கள் பெரும்பாலும் காங்கிரீட்டால் ஆனவை என்பதால், உள்ளே இருப்பவருக்குக் காற்றால் வரும் ஆபத்து குறைவு. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வெள்ளம்தான். 1966 ஜனவரியில் இத்தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது; அது இன்றும் உலகச் சாதனையாக நிற்கிறது. ஆண்டு முழுதும் வறண்டு கிடக்கும் ஓடைகள் சில நிமிடங்களில் பொங்கிவிடும். மழை நாளில் ஓடையைக் கடக்கும் தாழ்ந்த பாலத்தில் கால் வைக்க மாட்டேன் என்று அவளிடம் வாக்குப் பெற்றுக்கொள்ளுங்கள். புயலின்போது தொலைபேசி அறுந்துபோவது இயல்பு; ஒருநாள் குரல் கேட்கவில்லை என்றால் கலங்காதீர்கள். இத்தீவின் நேரம் காரைக்காலைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: நான் மொரீஷியஸ் தமிழன். மலைக்குப் போகும் கூட்டம் எனக்கு ஒத்துவரவில்லை. ஞாயிறு பிற்பகலில் கடைகள் மூடிவிடுகின்றன, விடுதி வெறிச்சோடிப் போகிறது. இங்குள்ள தமிழர்களோ தமிழ் பேசுவதில்லை. எப்படிப் பழகுவது? (இரண்டாம் ஆண்டு மாணவர், சேன் தெனி)

பதில்: உங்கள் கேள்விதான் இம்மாத மடல்களில் என்னை அதிகம் தொட்டது. ஞாயிறு அன்று தீவு உறங்குவதில்லை, தம்பி. அது குடும்பத்தோடு வெளியே போய்விடுகிறது. லெர்மித்தாழ் கடற்கரைச் சவுக்குத் தோப்பிலும், லெத்தாங் சலே காட்டிலும், மலையோர நிழற்குடில்களிலும் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை கூடியிருப்பார்கள். கனத்த சட்டியில் கறி கொதிக்கும், பெரிய பானையில் சோறு இருக்கும், ஒருவர் மத்தளம் தட்டுவார். வகுப்புத் தோழர் ஒருவர் "எங்களோடு வா" என்று அழைத்தால், படிப்பைக் காரணம் காட்டி மறுக்காதீர்கள். ஒரு கூடை லிச்சிப் பழமோ, நீங்களே சமைத்த ஒரு பண்டமோ கொண்டுபோங்கள். நீங்கள் மொரீஷியஸ்காரர் என்பதால், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சுமொழியான கிரியோல் உங்கள் நாவில் இருக்கிறது. இரண்டு தீவுகளின் கிரியோலும் வேறுபட்டாலும், ஒருவர் மற்றவருக்குப் புரியும் அளவுக்கு நெருக்கமானவை. புதுச்சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கு இல்லாத வாய்ப்பு அது.

தமிழைப் பற்றிச் சொன்னீர்கள். இங்குள்ள தமிழர்களின் முன்னோர் பெரும்பாலும், 1848-க்குப்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1860-இல் பிரித்தானியாவும் பிரான்சும் செய்த உடன்படிக்கை அந்த வரவைப் பெருக்கியது. 1882-இல் அது நிறுத்தப்பட்டது. அதன்பின் சொந்த ஊரோடு தொடர்பு அறுந்து, பள்ளியில் பிரெஞ்சும் வீட்டில் கிரியோலுமாகத் தலைமுறைகள் வளர்ந்தன. பேச்சு போய்விட்டது, வழிபாடு போகவில்லை. பேச்சு மட்டுமே தமிழ் என்று எண்ணி அவர்களிடமிருந்து விலகி நிற்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து. டிசம்பர், ஜனவரியில் சேன் ஆந்த்ரே பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் ஒன்றில் தீமிதித் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். நாள்கணக்கில் விரதமிருந்து, மஞ்சள் உடை தரித்து, தணலில் நடப்பவர்களில் வங்கி ஊழியரும் இருப்பார், உங்கள் வயது மாணவரும் இருப்பார். விழா முடிந்து வாழையிலையில் உணவு பரிமாறும்போது, வந்தவர் யார் என்று கேட்காமலே உட்காரச் சொல்வார்கள்.

அங்கே ஒரு பணியும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. தேவாரமும் அம்மன் பாடல்களும் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துப் பாடப்படுகின்றன. தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் பல கோயில் சங்கங்களில் இருக்கிறார்கள். தமிழ் எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் கொடுத்தால், எத்தனை வீடுகளின் கதவு திறக்கும் என்பதை நான் இந்த நகரில் வாழ்ந்த ஆண்டுகளில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமையே உங்கள் அருகிலுள்ள கோயிலுக்குப் போய்க் கேளுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து என்னென்ன கொண்டுவரலாம்? (மாணவி, லாசுப்பேட்டை, புதுச்சேரி)

பதில்: உலர்ந்த மசாலாத் தூள்கள், ஒரு சிறிய பிரஷர் குக்கர், மழைச்சட்டை, கம்பளிச் சட்டை. இறைச்சி, பால் பொருள்கள், பச்சைச் செடிகள், பழங்கள் ஆகியவற்றை விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். தீவின் பயிர்களைத் தாக்கும் பூச்சியும் நோயும் அவற்றோடு வந்துவிடும் என்பதால் விதி கடுமையானது. கருவேப்பிலையை மறைத்துக் கொண்டுவர முயல வேண்டாம். இங்கேயே விளைகிறது, ஞாயிறு காலைச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.